காதா, போனா?

"ஸ்பீக்கரில போடு பிள்ளை, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

போன குளிர்காலம் முழுக்க எங்கள் ஸ்காபரோ வீட்டில் காலை ஏழு மணிக்குக் கேட்ட வசனம் இதுதான். அந்த நேரம் பருத்தித்துறையில் பின்னேரம் ஐந்தரை. பெரியம்மா தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் கோல் எடுப்பார். அம்மாவுக்கு 74 வயது, பெரியம்மாவுக்கு 79. அக்காவும் தங்கச்சியும் நேரில் கண்டு ஏழு வருசமாகிறது. ஆனால் இந்தக் கோல் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

ஸ்பீக்கரில் போட்டால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பிள்ளைகளுக்கு லஞ்ச் கட்டிக்கொண்டிருப்பேன். இவர் கோப்பியோடு நிற்பார். மகன் சீரியல் சாப்பிடுவான். பெரியம்மாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பக்கத்தில ஆர் நிக்கினம்?" அம்மா சொல்லுவார், "எல்லாரும்தான் அக்கா." உடனே அந்தப் பக்கத்துக் குரல் மாறிவிடும். "சரி சரி. எல்லாரும் சுகம்தானே? அங்க இன்னும் சினோவோ?" நாலு நிமிசத்தில் கோல் முடிந்துவிடும்.

அதற்கு முன்னர் இதே கோல் முக்கால் மணித்தியாலம் போகும். அம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் இருந்தபடி, போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கதைப்பார். அது நாலு நிமிசமாகச் சுருங்கியதை நான் கவனிக்காமல் இல்லை. இருவருக்கும் வயது போய்விட்டது, கதைக்க விசயம் குறைந்துவிட்டது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குக் காது கேட்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். இரண்டொரு தடவை "என்ன?" என்று திருப்பிக் கேட்டார், போனில் விளங்கவில்லை என்றார், அது எங்களுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைகள் அம்மம்மாவோடு கத்திக் கதைக்கத் தொடங்கினார்கள். கத்திக் கதைக்கும்போது வசனம் தானாகவே சுருங்கிவிடும். "அம்மம்மா! சாப்பாடு!" "அம்மம்மா! குளிருது!" அவ்வளவுதான். மகன் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு பகிடியை எனக்குச் சொல்லுவான். அம்மம்மாவுக்கும் சொல்லு என்றால், "அவவுக்குக் கேக்காது" என்பான். அம்மா சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். இப்போது நினைத்தால் அந்தத் தலையாட்டல்தான் நெஞ்சைச் சுடுகிறது.

மாசி மாதம் குடும்ப டொக்டர் காது பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணாடி அறைக்குள் அம்மாவை இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கொஞ்சம் குறைவாகக் கேட்கின்றன, இந்த வயதுக்கு அது வழமை, இப்போதைக்கு ஹியரிங் எய்ட் தேவையில்லை, அடுத்த வருசம் திரும்ப வாருங்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னார். நான் விடவில்லை. "போனில் ஒன்றுமே கேட்கவில்லை என்கிறாரே?" அவர் கேட்டார்: "ஸ்பீக்கரில் கேட்கிறது, நேரில் கேட்கிறது, காதில் வைத்தால் மட்டும் கேட்கவில்லை. வேறு ஒரு போனைக் காதில் வைத்துப் பார்த்தீர்களா?"

இல்லை. மூன்று மாதத்தில் ஒருவரும் அதைச் செய்து பார்க்கவில்லை.

கார் தரிப்பிடத்திலேயே என் போனை அம்மாவிடம் கொடுத்துக் காதில் வைக்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் போனிலிருந்து கோல் எடுத்தேன். வழக்கம்போல் உரத்து, "அம்மா! கேக்குதோ?" என்றேன்.

"ஏன் பிள்ளை கத்துறாய்?" என்றார் அம்மா.

காதில் பிழை இல்லை. போனில்தான் பிழை.

போனைக் காதில் வைக்கும்போது கேட்கிற சத்தம் வருவது ஸ்க்ரீனுக்கு மேலே, விளிம்போரமாக இருக்கும் ஒரு மெல்லிய கீறல் போன்ற துளையிலிருந்து. அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. தூசி உள்ளே போகாமல் அதன் முன்னால் மிக நுண்ணிய வலை ஒன்று போட்டிருப்பார்கள். நாம் "ஸ்பீக்கரில் போடுகிறோம்" என்று சொல்வது பெரும்பாலும் போனின் அடிப்பக்கத்தில் இருக்கும் வேறொரு ஸ்பீக்கரை. அதனால்தான் ஒன்று செத்துப்போனாலும் மற்றது நன்றாக வேலை செய்யும், பிழை வெளியே தெரியாது.

அந்த வலை அடைபட்டால் சத்தம் குறைவது மட்டுமில்லை, மழுங்கியும் போகும். ச, ஸ, ஃப போன்ற கூரிய ஒலிகள் தெளிவில்லாமல் போய், ஆள் தலையணைக்குப் பின்னால் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்கும். வயது போகப்போகக் காதில் முதலில் குறைவதும் இதே உயர்ந்த ஒலிகள்தான். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். அதற்குள்ளேயே பேச்சு விளங்கும் என்றாலும் கூரிய ஒலிகள் ஏற்கெனவே வெட்டுப்பட்டுத்தான் வரும். அதன்மேல் அடைபட்ட வலை, அதன்மேல் 74 வயதுக் காது. போனின் பிழையைக் காதின் பிழை என்று நாங்கள் நினைத்தது இதனால்தான்.

பெரியம்மாவுக்கு எப்போதும் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது என்பதையும் நான் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் கதைப்பதை வாங்குகிற மைக் வேறு, கேட்க வைக்கிற ஸ்பீக்கர் வேறு. மற்றவருக்கு உங்கள் குரல் கேட்டு, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். மகள் பள்ளிக்கூடத்தால் பிரான்ட்ஃபோர்டில் உள்ள கிரஹாம் பெல்லின் வீட்டைப் பார்க்கப் போய்வந்து ஒரு கதை சொன்னாள். 1876 ஆகஸ்ட் 10ஆம் திகதி அந்த ஊரிலிருந்து பக்கத்து ஊரான பாரிஸுக்கு, கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தூரம், பெல் செய்து காட்டிய கோலில் ஒரு பக்கம்தான் கேட்டதாம். இங்கிருந்து கதைத்தால் அங்கே கேட்கும், திருப்பிக் கதைக்க வழி இல்லை. அந்த மனிதருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது என்பதையும் அவள்தான் சொன்னாள். நானும் ஒன்ராறியோவில் படித்தவள்தான், எனக்கு ஞாபகமில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் போனைக் கழற்றாமல் பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்தோம். உங்கள் வீட்டிலும் இந்த ஒழுங்கில் பார்த்தால் பாதிப் பேருக்குத் தூரிகை எடுக்கும் வேலையே வராது என்று நினைக்கிறேன்.

முதலில் சத்தத்தின் அளவு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. போன் அடிக்கிற சத்தம் வேறு, பாட்டுக் கேட்கிற சத்தம் வேறு, கோலின் சத்தம் வேறு. கோல் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் கோலின் சத்தம் கூடும். சும்மா இருக்கும்போது எத்தனை தரம் அழுத்தினாலும் அது மாறாது. அம்மாவின் போனில் அது முழுதாகவே இருந்தது.

அடுத்தது புளூடூத். கோலின் சத்தம் வேறு எங்காவது போகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு ஒருநாள் அம்மம்மாவின் போனில் வீடியோ பார்க்க மகன் தன் இயர்பட்ஸை இணைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான். கோல் வந்தபோது அம்மா "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார், பெரியம்மா மேல்மாடியில் மகனின் காதுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார். புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரு கோல் எடுத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் டச் என்ற பகுதிக்குப் போய், கோல் ஓடியோ ரூட்டிங் என்ன என்று பாருங்கள். அதில் ஸ்பீக்கர் என்று தெரிவாகியிருந்தால் எல்லாக் கோலும் தானாகவே ஸ்பீக்கரில்தான் போகும். ஒட்டோமெட்டிக் என்று இருக்க வேண்டும்.

பிறகு போனை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டோம். எங்கள் அனுபவத்தில் அரைவாசி வருத்தத்துக்கு இதுவே மருந்து. இதற்கு இல்லை.

அதன் பிறகுதான் பிழை இணைப்பிலா ஸ்பீக்கரிலா என்று பிரித்தறிகிற பரிசோதனை. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய குரல் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் காதில் வையுங்கள். காது கிட்ட வந்ததை போன் உணர்ந்து, சத்தத்தை அடி ஸ்பீக்கரிலிருந்து மேல் ஸ்பீக்கருக்கு மாற்றும். அதில் தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் சரி, இணைப்பில்தான் சிக்கல். மங்கலாகக் கேட்டால் ஸ்பீக்கர் பக்கம்தான் பார்க்க வேண்டும். சாம்சங் போன் என்றால் இன்னொரு வழியும் உண்டு. நம்பர் அடிக்கிற இடத்தில் நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம், நட்சத்திரம், ஹாஷ் என்று அடித்தால் பல மாடல்களில் பரிசோதனைப் பக்கம் ஒன்று திறக்கும். அதில் ரிசீவர் என்பதைத் தொட்டால் மேல் ஸ்பீக்கரில் மட்டும் ஒரு சத்தம் வரும். சில தொலைபேசிக் கம்பனிகள் விற்கும் போன்களில் இது திறக்காது.

அம்மாவின் போனில் குரல் பதிவு காதுக்கு மாறவே இல்லை. காதில் வைத்தாலும் அடியிலிருந்தே சத்தம் வந்தது. அப்போதுதான் இவர் போனை மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடி எப்ப போட்டது?" என்று கேட்டார்.

கார்த்திகையில் போட்டது. அம்மா போனைக் கீழே போட்டு ஸ்க்ரீனுக்கு மேலே ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி வெடித்ததால், மோலில் ஒரு சின்னக் கடையில் கொடுத்துப் புதிது ஒட்டினோம். அது இந்த போனுக்கு அளவானது இல்லை. மேல் விளிம்பு துளையின் பாதியை மூடியிருந்தது, காது கிட்ட வருவதை உணர்கிற சென்சரையும் மறைத்திருந்தது. அம்மா "விளங்கேல்லை" என்று சொல்லத் தொடங்கியதும் கார்த்திகைக் கடைசியில்தான். மூன்று மாதமாக எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த விசயம்.

கண்ணாடியை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தோம். சத்தம் கொஞ்சம் கூடியது, ஆனாலும் மங்கல்தான். கண்ணாடியின் விளிம்பு ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி இருந்து, வந்ததையெல்லாம் துளைக்குள் சேர்த்துவைத்திருந்தது. நான் ஊசி எடுக்கப் போனேன். இவர் கையைப் பிடித்துவிட்டார். நல்லகாலம். அந்த வலை ஊசி பட்டால் கிழிந்துவிடும், கிழிந்தால் ஊத்தை நேரே ஸ்பீக்கருக்குள் போகும். டப்பாவில் வரும் காற்றை அடிப்பதும் கூடாது, அந்த வேகம் உள்ளே இருப்பதைச் சேதமாக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். தண்ணி, ஸ்பிரிட் எதையும் துளைக்குள் விடக்கூடாது. நனைந்த போனை அரிசிக்குள் போடுகிற நம்மவர் வழக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: அரிசித் துகள் போனுக்குள் போய்ச் சேதமாக்கலாம், போடாதீர்கள் என்று அப்பிள் கம்பனியே எழுதிவைத்திருக்கிறது.

வேண்டியது மெல்லிய, சுத்தமான, காய்ந்த தூரிகை மட்டும்தான். பல் டொக்டர் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்குப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிற சின்ன பிரஷ் ஒன்று பிரிக்காமலேயே கிடந்தது. போனை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி சரித்துப் பிடித்து, அழுத்தாமல், துளையின் நீளவாட்டில் தடவிக்கொண்டே இருந்தேன். சரித்துப் பிடிப்பது முக்கியம், இல்லையென்றால் கிளம்புகிற ஊத்தை திரும்ப உள்ளேதான் விழும்.

வெள்ளைக் கடதாசியில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று விழுந்தது. மகள் மூக்கைச் சுளித்தாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல், "அது விபூதியும் பவுடரும்" என்றார். காலையில் முகம் கழுவி, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, சுவாமி அறைக்குப் போய் விபூதி பூசிக்கொண்டு வர ஏழு மணி ஆகிவிடும். அந்த முகத்தோடுதான் அக்காவுடன் கதைப்பார். எண்ணெய் பசையானது, மற்றதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது.

இதோடும் சரிவரவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். போவதற்கு முன் ஒன்றிரண்டு விசயம் தெரிந்திருப்பது நல்லது. சில நேரம் பிழை உங்களுடையதாகவே இருக்காது. 2020 ஒக்டோபருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் செய்யப்பட்ட ஐபோன் 12, 12 ப்ரோ ஆகியவற்றில் சிலதின் காது ஸ்பீக்கர் பழுதாகலாம் என்று அப்பிள் 2021 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. ஆகவே காசு கொடுக்குமுன் உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். ஐபோன் எக்ஸ் முதல் பல மாடல்களில் காது ஸ்பீக்கர், முகம் பார்த்துத் திறக்கிற பகுதியோடு ஒட்டியே இருக்கும். அவசரத்தில் மாற்றினால் ஸ்பீக்கர் சரியாகி, முகத்தைக் காட்டித் திறப்பது நின்றுபோகலாம். கடைக்காரரிடம் இதை முதலிலேயே கேளுங்கள். போனைத் திறந்து மூடினால் தண்ணீர் புகாத தன்மையும் முன்போல இருக்கும் என்று நம்ப முடியாது.

உங்கள் அம்மா அப்பா ஊரிலோ, லண்டனிலோ தனியாக இருந்தால்? இது எனக்குச் சித்தி ஒருவரால் வந்த யோசனை. அவரை முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று வீடியோ கோல் எடுக்கச் சொல்லி, போனின் முகத்தைக் கண்ணாடிக்குக் காட்டச் சொன்னேன். முன் கமரா கண்ணாடியைப் பார்க்கும், கண்ணாடியில் போன் தெரியும். துளை மூடியிருக்கிறதா, ஒட்டியது விலகியிருக்கிறதா என்று இங்கிருந்தே பார்த்துவிடலாம். சித்தியின் போனில் வாங்கும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இரண்டு வருசமாகக் கழற்றவேயில்லை. புதுசு பழுதாகிவிடும் என்று வைத்திருந்தாராம்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கோல் வந்தது. அம்மா போனைக் காதில் வைத்தார். பெரியம்மா வழமையான கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அம்மா சொன்னார், "ஒருத்தருமில்லை அக்கா, காதுக்கதான் வச்சிருக்கிறன்." சொல்லிக்கொண்டே எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வேலைக்கு வெளிக்கிடும்வரை கதவு திறக்கவில்லை.

அன்றிரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, அம்மா என்னிடம் வந்தார். பெரியம்மாவுக்கு மார்கழியிலிருந்து ஒரு வருத்தம். என்ன வருத்தம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆம்பிளைகள் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிற குசினிக்குள் ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. அங்கே மருமகளிடம் சொல்லவும் வெட்கம். தங்கச்சியிடம்தான் சொல்ல வேண்டும், தங்கச்சியின் போனிலோ எல்லோரும் நிற்கிறார்கள். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து, "ஆர் நிக்கினம்?" என்று கேட்டு, சினோவைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த கிழமை மச்சாள், பெரியம்மாவின் மகள், கொழும்பிலிருந்து வந்து அவரை யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சுகப்படுத்தக்கூடியதுதான் என்றார்கள். முன்னமே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்களாம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் போனைக் காதில் வைப்பதேயில்லை. வீடியோ, இல்லையென்றால் ஸ்பீக்கர். பெரியம்மாவோடு அவர்கள் கதைத்ததெல்லாம் என் முன்னால், நான் பக்கத்தில் நின்று, "சாப்பிட்டனான் எண்டு சொல்லு, எப்பிடி இருக்கிறியள் எண்டு கேள்" என்று எடுத்துக்கொடுக்க, கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னதுதான். ஒரு சனிக்கிழமை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது கோல் வந்தது. மகள் எடுத்து, அம்மம்மா செய்கிற மாதிரியே காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் இருந்தாள். ஒன்பது வயது. அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம், மீதியில் பாதி பிழை. திருத்த நான் பக்கத்தில் இல்லை. பதினைந்து நிமிசம் கதைத்தாள். நடுவில் ஒருமுறை உரத்துச் சிரித்தாள்.

இறங்கி வந்தபோது, "பெரியம்மம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"அது நாங்க கதைச்சது" என்றாள்.